குசினியிலிருந்து காலை ஒலிபரப்பு

என் மாமியாரின் முகம் எப்படியிருக்கும் என்று யாராவது கேட்டால், சத்தியமாக எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. முக்காட்டுக்கு வெளியே ஒரு மூக்கு நுனி, கதவுச் சேலைக்குக் கீழே இரண்டு பாதங்கள், தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு மறைகிற ஒரு வளையல் கை. நான் கண்டது அவ்வளவுதான். அத்தனை வருடம் ஒரே வளவுக்குள் இருந்துவிட்டு இது என்ன கதை என்று கேட்காதீர்கள், எங்கள் பக்கத்து வழக்கம் அது. கல்யாணம் முடித்தால் ஆண்பிள்ளை பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண்வீட்டுக்குப் போய்விட வேண்டும். அங்கே மாமியாரானவர் மருமகனின் முன்னால் வரக்கூடாது, அவனோடு கதைக்கக்கூடாது, அவன் காதில் விழும்படி சத்தம் போடவும் கூடாது. போட்டால் அது மருமகனுக்கு மரியாதைக் குறைவு.

ஆனால் அவரது குரலைப் பற்றிக் கேளுங்கள். கல்முனைச் சந்தைக்குள் நின்று அவர் ஒருதரம் இருமினால் போதும், நான் திரும்பிப் பார்த்துவிடுவேன்.

மாமியார் ஒரு வானொலி நடத்தினார். சிரிக்காதீர்கள். கம்பியும் இல்லை, பெட்டியும் இல்லை, இருந்ததெல்லாம் ஒரு அரைச்சுவர்க் குசினியும் ஒரு இடியப்ப உரலும் ஒரு தொண்டையும்தான். விடியற்காலைச் சுபஹ் தொழுதுவிட்டு அடுப்பை மூட்டினால் ஒலிபரப்பு ஆரம்பம். கடைசித் தட்டு இடியப்பம் அவிந்து இறங்கினால் முடிவு. கிடுகு வேலிக்கு அங்காலும் இங்காலும் இருந்த வீடுகளெல்லாம் அவரது தங்கைகளும் சொந்தக்காரப் பெண்களும் இருந்த வீடுகள். அவர்கள்தான் நேயர்கள்.

“நேயர்களே, அஸ்ஸலாமு அலைக்கும். குசினியிலிருந்து காலை ஒலிபரப்பு. இப்போது நேரம், மோதினார் பள்ளியால வந்து சாரன் மாத்திற நேரம்.”

அந்தக் குசினியில் மணிக்கூடு கிடையாது. மணிக்கூடு பார்த்து யார் எழும்புகிறார்கள் என்பது அவரது வாதம். இதைக் கேள்விப்பட்ட, பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினார் மாமனாரைத் தெருவில் மறித்து, “ஊருக்கெல்லாம் நேரம் சொல்ல என்ட சாரன்தானா கிடைச்சது?” என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. அடுத்த நாள் நேரம் திருத்தப்பட்டது: “இப்போது நேரம், மோதினார் ஒண்டுமே செய்யாத நேரம்.” அதற்கு அவர் என்ன செய்வார், பாவம். பள்ளிக்குப் போகும் வழியை மாற்றிக்கொண்டார்.

நேரத்துக்குப் பிறகு வானிலை. பக்கத்து வீட்டிலிருந்த தங்கை, அதாவது என் மனைவியின் சாச்சி, முழங்கால் வலிக்காரி. “நேத்து ராவு முழுக்கத் தங்கச்சிட முழங்கால் குத்தினதால இண்டைக்கு மழை வரும். சாரன், பாய் காயப்போட்ட ஆக்கள் எடுத்து வைங்க.” ஒருமுறை சாச்சி எங்கோ எண்ணெய் வாங்கிப் பூசி வலி சுகமாகிவிட்டது. மாமியாருக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. “இனி நான் வானிலைக்கு எங்ககா போற?” என்று வேலிக்கு மேலால் சண்டை பிடித்தாராம்.

விளம்பரங்களும் உண்டு. யாரும் கேளாமலே செய்யப்படும் விளம்பரங்கள். “மூலைக் கடைக்குத் தேங்காய் வந்திரிக்கி. நல்ல தேங்காய். ஆனா சின்னது. நான் வாங்கினதுல ஒண்டு அழுகல்.” கடைக்கார நானா ஒரு கூடைக் கத்தரிக்காயைச் சும்மா கொடுத்தனுப்பி, தயவு செய்து என் கடைக்கு விளம்பரம் செய்யாதீர்கள் என்று மன்றாடினார். மறுநாள் காலையில் கத்தரிக்காய்க்கு விளம்பரம் வந்தது. உள்ளுக்குள் புழு என்றும் வந்தது.

அடுத்தது நேயர் விருப்பம். யார் எந்தப் பாட்டைக் கேட்டாலும் மாமியார் பாடியது ஒரே பாட்டு. அதிலும் முதல் அடி மட்டும்தான் தெரியும், மிச்சத்துக்கு ‘லால்லா’. பாட்டு முடிந்ததும் போட்டி நிகழ்ச்சி. கேள்வி இப்படி இருக்கும்: “நேத்து ராவு பின்வளவு ராத்தாட ஊட்ட என்ன ஆணம்?” குழம்பு வாசம் வேலி தாண்டி வந்திருக்கும், விடை எல்லோருடைய மூக்குக்கும் தெரியும். ஆனாலும் வேலிகளுக்கு மேலால் பதில்கள் பறக்கும். வென்றவளுக்கு ஒரு சிரட்டை மாசிச் சம்பல். பின்வளவு ராத்தா மட்டும் போட்டியில் சேர்க்கப்படமாட்டார், விடை தெரிந்தவர் என்பதால்.

விருந்துக்குச் சேவல் அறுத்த நாட்களில் மரண அறிவித்தல் வாசிக்கப்படும். குரல் கனத்து, அசல் வானொலித் தமிழில், மூக்கால் கொஞ்சம் அழுது: “அன்னார் வெள்ளைப் பேட்டின் அன்புக் கணவரும், வளவெல்லாம் கிளறித் திரியும் குஞ்சுகளின் பாசமிகு வாப்பாவும் ஆவார். அன்னாரின் நல்லடக்கம் இன்று பகல் ஆணச் சட்டியில் நடைபெறும்.” எத்தனை தரம் கேட்டாலும் எனக்குச் சிரிப்பு வரும். ஆனால் அந்த ஆணத்தைச் சாப்பிடும்போது ஏதோ செத்த வீட்டில் சாப்பிடுவதுபோல மனது ஒருமாதிரியாக இருக்கும்.

எல்லாவற்றுக்கும் கடைசியில், ‘இன்றைய சிந்தனை’. அது முழுக்க முழுக்க மாமனாருக்கு உரியது. மாவடிப்பள்ளியில் வயல் வைத்திருந்தவர் அவர். ஆனால் சூரியன் உச்சிக்கு ஏறுவதற்குள் அந்த வயலைப் பார்த்தவரல்ல. “வயல்ல கொக்கு வந்திற்று, குருவி வந்திற்று, பக்கத்து வயல் மாடும் வந்திற்று. வயல்காரர் மட்டும் இன்னும் பாயில. சிந்தியுங்கள் நேயர்களே.” பாயில் கிடந்தபடியே மாமனார் “ம்” என்பார். அந்த ‘ம்’ கேட்டால்தான் ஒலிபரப்பு முடிந்ததாகக் கணக்கு.

இது எப்படித் தொடங்கியது என்பதை என் மனைவி சொல்லித்தான் அறிந்தேன். வீட்டில் முன்பு பெரிய ரேடியோ ஒன்று இருந்ததாம். விடியற்காலை நிகழ்ச்சியை வைத்தால்தான் மாமியாருக்குக் கை ஓடும். ஒரு மாரிகாலத்தில் வெளிக்கம்பி வழியாக இடி இறங்கி ரேடியோ கருகிப்போனது. அடுத்த நாள் விடிய மாமியார் மாவைக் குழைக்கிறார், குழைக்கிறார், அது குழைபட மாட்டேன் என்கிறது. கடைசியில் சலித்துப்போய்த் தானே, “நேயர்களே” என்று ஆரம்பித்திருக்கிறார், சும்மா ஒருநாள் சமாளிப்போமே என்று. மாமனார் பிறகு ரேடியோவைத் திருத்திக் கொண்டுவந்தார். அதை யாரும் போடவில்லை. அதில் கொழும்புச் செய்தி வந்ததே தவிர, பின்வளவு ராத்தா வீட்டு ஆணம் வரவில்லையே!

சரி, இதெல்லாம் பிறகு அறிந்ததும் கேட்டதும். சூறாவளி தென்னைகளை முறித்துப்போட்ட அடுத்த வருடம் நான் அக்கரைப்பற்றிலிருந்து மாப்பிள்ளையாக அங்கே போனபோது, அந்த வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. விடியற்காலையில் கடல் இரைச்சல் கேட்கும், அடுப்பில் விறகு வெடிக்கும், அவ்வளவுதான். என்ன அமைதியான குடும்பம் என்று முதல் கிழமை நான் சந்தோஷப்பட்டேன். மடையன்!

அதற்குள் ஊர் என்னை முறைக்க ஆரம்பித்தது. மீன்காரன் மற்றவர்களுக்கு அன்று பிடிபட்ட சூரையைக் கொடுத்துவிட்டு, எனக்குக் கண் சிவந்த பழையதைத் தூக்கித் தந்தான். மூலைக் கடைக்காரர் நான் காசை நீட்டினால் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு வாங்கினார். வேலிக்கு அங்கால் சாச்சி தன் கோழியிடம் உரக்கச் சொல்லுவார், “சில பேர் வந்த நேரம், ஊரே ஊமையாப் போயிற்று, என்ன கோழி?” கோழிக்குச் சொன்னது கோழிக்கல்ல என்பது புரிந்தது. நான் செய்த குற்றம் என்ன என்பதுதான் புரியவில்லை.

ஒருநாள் கடைக்காரரை நேராகவே கேட்டுவிட்டேன். “நானா, என்னில என்ன கோவம்?”

“கோவமா? கடையப் பாருங்க தம்பி, ஈயோட்டுறன்,” என்றார். “முந்தி அவ அழுகல் எண்டா, மிச்சம் நல்லது எண்டு சனம் நம்பும். இப்ப ஆருக்கும் ஒண்டும் தெரியா. எல்லாம் அழுகல் எண்டு நினைக்கிறாங்க.”

வீட்டுக்கு வந்து மனைவியை உலுக்கிக் கேட்டேன். அவள் அழுதுகொண்டே சொன்னாள். கல்யாணத்துக்கு முன்னால் மாமியாரின் காக்கா, அதாவது மூத்த அண்ணன், வந்து கட்டளை போட்டிருக்கிறார்: மருமகன் வாசல் மிதிக்கிற நாளோடு குசினி வானொலி மூடப்பட வேண்டும். மாப்பிள்ளை காதுபட மாமி கத்தினால், அவன் மரியாதை இல்லையென்று கோவித்துக்கொண்டு தன் உம்மா வீட்டுக்குப் போய்விடுவான். போனவனைத் திருப்பிக் கொண்டுவர ஊர்ப் பெரியவர்கள் நடையாய் நடக்க வேண்டும். வந்தாலும் வடு போகாது. பெண்ணின் வாழ்க்கைதான் பாழ். மாமியார் ஒத்துக்கொண்டார். நிக்காஹ்வுக்கு முதல்நாள் கடைசி ஒலிபரப்பு. அன்று சிந்தனைகூட மாமனாரைத் திட்டாமல் நல்லபடியாகச் சொன்னாராம். வேலிக்கு வேலி பெண்கள் மூக்கைச் சிந்தினார்களாம்.

“இப்ப உம்மா சாப்பிடுறாவுமில்ல,” என்றாள் மனைவி. “மாவுக்கு உப்புப் போட மறக்கிறா. நீங்க பாத்தீங்களா, இடியப்பம் சப்பெண்டு இரிக்கிறத?”

பார்த்திருந்தேன். புது மாப்பிள்ளை என்பதால் வாயைத் திறக்காமல் விழுங்கியிருந்தேன். எனக்கு மிகவும் பாவமாகப் போய்விட்டது. யாரோ ஒரு மனுஷி என்னால் வாயைக் கட்டிக்கொண்டு வாடுகிறாள், நான் என்னடாவென்றால் உப்பில்லாத இடியப்பத்தோடு அமைதியை ரசித்துக்கொண்டிருக்கிறேன்.

“போய்ச் சொல்லு, எனக்கு ஒரு கோவமும் இல்ல, அவ கதைக்கட்டும் எண்டு.”

அவள் போனாள். போன வேகத்தில் திரும்பி வந்தாள். மாமியார் முக்காட்டால் முகத்தை மூடிக்கொண்டு அழத் தொடங்கிவிட்டாராம். “யா அல்லாஹ், அவருக்குத் தெரிஞ்சு போயிற்றா? மரியாதைக்குச் சொல்றார் மகள். உள்ளுக்குள்ள கொதிச்சுக்கொண்டிருப்பார். நான் வாயத் திறந்தா உன்ட வாழ்க்கை போயிரும்.” அதற்குப் பிறகு அடுப்பில் விறகுகூடப் பயந்து பயந்து வெடித்தது.

மாமனார் வேறு பரிதாபம். திட்டு விழாததால் எழும்ப வேண்டிய நேரம் அவருக்குத் தெரியவில்லை. சேர்ட்டை முன்பின்னாக மாற்றிப் போட்டுக்கொண்டு திரிந்தார். “மருமகன், ஊடு மையத்து வீடு மாதிரி இரிக்கி,” என்று என்னிடம் சொன்னார். அவர் ‘ம்’ தவிர வேறொன்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

ஒரு புது ரேடியோ வாங்கிவந்து அறை யன்னலில் வைத்தேன். காலை நிகழ்ச்சியைச் சத்தமாகப் போட்டேன். அப்போதுதான் குசினியிலிருந்து முதன்முதலாக அந்தக் குரல் என் காதில் விழுந்தது, கிசுகிசுப்பாக: “என்ன அவசரம் இவனுக்கு? அடுப்புல பால் வச்சிற்றா வந்தான்?” ரேடியோவில் கதைத்தவனைத்தான். நான் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டேன். பாட்டு வந்தது. “முழுப் பாட்டையும் போடுறான். மறுகா எப்ப செய்தி வாசிக்கப் போறான்?” என்றது குரல். எனக்கு ஒரு யோசனை வந்தது. பிழையைக் கண்டால் இந்த மனுஷியால் சும்மா இருக்க முடியாது. அப்படியென்றால் பிழை விட ஒரு ஆள்தானே வேண்டும்?

அடுத்த நாள் காலை ரேடியோவை நிறுத்திவிட்டு, அறைக்குள் நின்று தொண்டையைச் செருமினேன்.

“நேயர்களே, அஸ்ஸலாமு அலைக்கும். இது அறையிலிருந்து காலை ஒலிபரப்பு. இப்போது நேரம் ஆறு மணி பத்து நிமிடம்.”

மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சுவரோடு ஒட்டினாள். வேலிக்கு அங்கால் அகப்பைச் சத்தம் நின்றது. சாச்சியின் குரல் மட்டும் கேட்டது, “ஆறு பத்தெண்டா அது என்ன நேரம்கா? மோதினார் வந்திற்றாரா இல்லையா?”

“மீன் செய்தி,” என்றேன். “இன்று பாரை வந்திருக்கிறது.” எனக்குப் பாரையும் தெரியாது சூரையும் தெரியாது. பெண்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மீன்காரன் வருகிற ஒழுங்கைக்கு ஓடினார்கள். அங்கே நின்றது கீரி மீன். ஏச்சு எல்லாம் வேலிக்கு மேலால் எனக்கு வந்தது. ஆனால் குசினிக்குள் ஒரு சட்டி மூடி டங்கென்று விழுந்ததை நான் கேட்டேன். அது எனக்குப் போதும்.

மறுநாள் பின்வளவு ராத்தாவின் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்த செய்தியை வாசித்து வாழ்த்தினேன். பிறந்தது ஆண் குழந்தை. அதுவும் அவர் மகளுக்கல்ல, மருமகளுக்கு. குசினிக்குள் உரல் உருண்டது. “ஸ்ஸ்ஸ்” என்று யாரோ மூச்சை இழுத்தார்கள். வாய் திறக்கவில்லை. இந்த மனுஷிக்கு என்ன நெஞ்சுரம் என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. மகளின் வாழ்க்கைக்காகத் தன் சொந்த ஊரின் செய்திகள் இப்படிச் சின்னாபின்னமாவதைப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொண்டிருந்தார்.

அதற்கடுத்த நாள் வேலைக்குப் போகும் அவசரத்தில், பாயில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே ஒலிபரப்பினேன். நேரம், மீன், வானிலை, எல்லாவற்றையும் பிழையாகச் சொல்லி முடித்தாயிற்று. குசினி அசையவில்லை. மிச்சமிருந்தது ஒன்றுதான்.

“இன்றைய சிந்தனை,” என்றேன். “நேயர்களே, இந்த ஊரிலேயே விடிய முந்தி எழும்பி, கொக்குக்கு முதல் வயலுக்குப் போற ஒரு மனிசன் இரிக்கார். அவர்தான் எங்கட மாமா. உழைப்புக்கு அவரைப் பார்த்துப் படியுங்கள்.”

மாமனார் அப்போதுதான் பாயிலிருந்து எழும்பிக் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்.

“பொய்ய்ய்!”

குசினிக் கூரையிலிருந்து காகங்கள் பறந்தன.

“நேயர்களே, திருத்தம்! பச்சப் பொய்! கொக்கு போய் முட்டையிட்டுக் குஞ்சும் பொரிச்சாப் பொறகுதான் இந்த மனிசன் வயலுக்குப் போற! நேத்துப் பொறந்தது ஆம்புளப் புள்ள, ராத்தாட மருமகளுக்கு. உம்மாவும் புள்ளயும் சுகம், அல்ஹம்துலில்லாஹ்! முந்தநாள் வந்தது கீரி மீன். பாரை வாற காலமா இது? ஆராவது கேட்டாச் சிரிப்பாங்க! தங்கச்சிட முழங்கால் நேத்துக் குத்தல்ல, மழை இல்ல, பாயைப் போடுங்க! மூலைக் கடைத் தேங்காய்…”

ஒரு மாதமாக அடைத்து வைத்திருந்ததெல்லாம் மடை உடைத்துக்கொண்டு பாய்ந்தது. வேலிக்கு வேலி பெண்கள் தலைகள் முளைத்தன. சாச்சி கைதட்டினார். எனக்குப் புல்லரித்தது. என் வாழ்க்கையில் அப்படி ஒரு செய்தி வாசிப்பை நான் கேட்டதில்லை.

பிறகு சட்டென்று நின்றது. தான் என்ன செய்துவிட்டோம் என்பது மாமியாருக்கு உறைத்திருக்க வேண்டும். அகப்பை கீழே விழுந்தது. “என்ட மகளே!” என்று ஒரு கேவல். வேலி இடுக்கால் சாச்சியின் வளவுக்குள் ஓடுகிற காலடிச் சத்தம்.

என்னவென்று பார்க்க நான் எழும்பினேன். அது நான் விட்ட அசல் பிழை. தட்டில் பாதி இடியப்பம் கிடக்க மாப்பிள்ளை எழும்பினால் எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான். மாமனார் வாசலில் கையை விரித்து மறித்துக்கொண்டார். “மருமகன், போகாதீங்க. அவட வாயே அப்படித்தான். மனசுல ஒண்டுமில்ல.” மனைவி என் பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு அழுதாள். “இஞ்சாருங்க, உம்மா ஊட்ட போயிராதீங்க.” வேலிக்கு அங்கால் சாச்சி, “அழாத ராத்தா, அழாத,” என்று தேற்றுவது கேட்டது. தேறுகிற சத்தம் கேட்கவில்லை.

எவ்வளவு சொன்னாலும் இவர்கள் நம்பப்போவதில்லை என்று எனக்குத் தெரிந்தது. சொல்லித்தானே முதலில் கெட்டது? ஆகவே நான் திரும்பிப் பாயில் உட்கார்ந்தேன். தட்டிலிருந்ததை வழித்துச் சாப்பிட்டேன். பிறகு கடற்கரைக்கே கேட்கும்படி கத்தினேன்.

“இஞ்ச, இன்னும் ரெண்டு இடியப்பம் வை! சம்பலும் போடு!”

மனைவி மூக்கைத் துடைத்துக்கொண்டு குசினிக்கு ஓடினாள். இடியப்பத் தட்டுகள் வெறுமையாகக் கிடந்தன. அடுப்பும் தணிந்திருந்தது. அவள் வேலியைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டாள். “உம்மா! அவர் இன்னும் ரெண்டு இடியப்பம் கேக்கார்! வந்து அவிச்சுத் தாங்களேன்!”

அங்கால் அழுகை நின்றது. யாரோ மூக்கைச் சிந்தினார்கள். வேலி சரசரத்தது. காலடிச் சத்தம் குசினியை நோக்கி வந்தது, முதலில் மெதுவாக, பிறகு ஓட்டமாக. ஓடிக்கொண்டே, மூச்சு வாங்கிக்கொண்டே, அழுகை இன்னும் காயாத அந்தக் குரல் நாலு வளவுக்கும் வாசித்தது.

“நேயர்களே, தலைப்புச் செய்தி! எங்கட மருமகன் இன்னும் ரெண்டு இடியப்பம் கேட்டிரிக்கார்!”